உலகத்திலேயே சிறந்த இரண்டு பிரியாணிகள்

இங்கிலீஷில் 'குட்' என்பது பெஞ்சு மாதிரி. நெருக்கி உட்கார்ந்தால் எத்தனை பேருக்கும் இடம் உண்டு. 'பெஸ்ட்' என்பது ஒற்றை நாற்காலி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இதை நடத்துகிறவள் நான் (எனக்குச் சம்பளமே அதற்குத்தான்). அப்படிப்பட்ட நானே அந்த நாற்காலியில் இரண்டு பேரை ஏற்றிவிட்டு, என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன் என்பதை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

எடப்பாடியிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில் என் தாய்மாமா செங்கோடன் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். அதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் அவருடைய சிநேகிதர் நல்லதம்பியின் பிரியாணிக் கடை. இருவரும் ஒரே டெம்போவில் மேச்சேரி சந்தைக்குப் போய் ஆடு பிடிப்பவர்கள். அந்த நல்லதம்பியின் மகனைத்தான் மாமா எனக்குப் பேசி முடித்திருந்தார்.

நிச்சயம் முடிந்த வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். "ஏஞ்சாமி, கடையைப் பத்திப் போன்ல எழுதறாங்களாமா. நீயும் இங்கிலீஷ்ல நல்லதா ஒரு வரி எழுது."

சேலம் மாவட்டத்திலேயே பெஸ்ட் பிரியாணி என்று எழுதினேன். எழுதியது அரை நிமிஷம், மறந்தது கால் நிமிஷம். மாமா மறக்கவில்லை. அதை ஃபிளெக்ஸ் அடித்துக் கடை வாசலில் கட்டிவிட்டார். பக்கத்தில் என் படம். ஏதோ காதுகுத்தில் கண் பாதி மூடியிருக்கும்போது எடுத்தது. அடியில் என் பெயர், எம்.ஏ., பி.எட்.

மறுநாளே வருங்கால மாமனார் போன் செய்தார். "அம்மிணி, நம்ம கடைக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. கொஞ்சம் பெருசா இருந்தாத் தேவலைங்க."

புகுந்த வீட்டில் நல்ல பெயர் எடுக்க அப்போது நான் எதையும் எழுதிக் கொடுத்திருப்பேன். தமிழ்நாட்டிலேயே பெஸ்ட் என்று எழுதினேன். அங்கும் ஃபிளெக்ஸ் ஏறியது. அதே அரைக்கண் படம்.

அன்று சாயங்காலமே மாமா வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "ஏனுங்க அம்மிணி, எனக்கு ஜில்லா, அவுருக்கு ஸ்டேட்டுங்களா?" (மாமா எனக்கு 'ங்க' போட்டால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம்.)

பயந்துபோய் மாமாவுக்கு இந்தியாவைக் கொடுத்தேன். மாமனார் விடுவாரா? உலகத்தை வாங்கிக்கொண்டார். வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து, "மிஸ், ரோட்டுல ரெண்டு பெஸ்ட் தொங்குதுங்க, எதுங்க மிஸ் தப்பு?" என்று கேட்டான். அவனுக்கு மட்டும் தனியாக வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

அதற்குள் மாமா திரும்ப வந்துவிட்டார். "உலகத்துக்கு மேல என்ன சாமி இருக்குது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். படித்த திமிர் சும்மா இருக்கவில்லை. "பிரபஞ்சம் மாமா" என்றேன். அந்த ஃபிளெக்ஸ் பக்கத்துக் கடை ஜன்னலையும் சேர்த்து மறைத்தது.

அதோடு சிரிப்பு நின்றது. சந்தைக்கு இருவரும் தனித்தனி டெம்போவில் போகத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்தை யார் சமைப்பது என்று பேச்சு வந்தபோது மாமா முறுக்கிக்கொண்டார். "அவுரு அண்டா வெச்சா நான் சீர் கொண்டு வர மாட்டேன்." தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் தாலி ஏறாது. மாமனார் அதற்கு, "அப்பக் கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கலாமுங்க" என்று சொல்லி அனுப்பினார். அம்மா அழுதாள். நானும் அழுதேன். அந்த மாப்பிள்ளையை எனக்கு அதற்குள் ரொம்பவே பிடித்துப்போயிருந்தது.

"நீ இழுத்து உட்டது. நீயே தீர்த்து வெய்யி" என்றாள் அம்மா. இருவரும் ஆளுக்கொரு சட்டி பிரியாணி கொண்டுவருவது, எங்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் நான் சாப்பிட்டுப் பார்த்து எது பெஸ்ட் என்று சொல்வது என்று ஏற்பாடானது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்தபந்தம் சுற்றி உட்கார்ந்து என் வாயையே பார்த்தது. மாமா சட்டியில் ஒரு கவளம் எடுத்தேன். மாமனார் சட்டியில் ஒரு கவளம். பயத்தில் நாக்கு மரத்துவிட்டது. கறியா கத்திரிக்காயா என்றுகூடத் தெரியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது இதுதான்:

"ரெண்டுலயும் உப்பு பத்தல."

மாமனார் எழுந்து, மாமாவின் சட்டியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டார். "செங்கோடா, உப்பு கணக்காத்தான இருக்குது!"

மாமா அவசரமாக மாமனார் சட்டியில் கைவிட்டார். "உங்களுதுலயும் ஒரு குறையும் இல்லீங்களே!"

இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள்.

"இந்தப் புள்ளைக்கு நாக்கு செத்துப்போச்சுங்க."

"இதோட பேச்சைக் கேட்டா இத்தனை ஃபிளெக்ஸ் அடிச்சோம்!"

"பிரபஞ்சமாமா பிரபஞ்சம்!"

திட்டத் திட்ட இருவருக்கும் பசி எடுத்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டியை இவரும் இவர் சட்டியை அவரும் காலி செய்தார்கள். அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். சீர் வந்தது, தாலி ஏறியது. கறிவிருந்தை இருவரும் ஒரே அண்டாவில் சமைத்தார்கள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த விருந்தானாலும் முதல் கவளம் என் கைக்குத்தான் வரும். நானும் மென்று பார்த்து, உள்ளதை உள்ளபடி, "உப்பு கொஞ்சம் பத்தல மாமா" என்பேன். மாமா உடனே பந்திப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்.

"உப்பு சரியா இருக்குதாமா, எலையைப் போடுங்க!"