சில்வண்டு பிடிக்காத சொர்க்க விடியல்

கடவுள் சிறுத்தைப் பல்லியைப் படைத்தபோது அவசரத்தில் இருந்திருக்க வேண்டும். மஞ்சள் தோல், கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் அரைகுறையாக விட்ட வேலையை, ஒஹாயோ மாநிலம் டேட்டன் நகரில், முன்னாள் படைவீரர் மன்றத்தின் கீழ்த்தளத்தில், டோனட்டும் காப்பியும் சகிதம் முடித்துக்கொடுத்து வருவது, இந்தப் பல்லிகளை வீட்டில் வளர்த்துப் புதுப்புது நிறங்களில் பெருக்கி விற்கும் எங்கள் சிறுத்தைப் பல்லி மேம்பாட்டுக் கழகம். அதன் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு அறிவிக்கிறேன்.

மரபியல் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓங்கு பண்பு என்றால் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் கொடுத்தாலே குட்டியிடம் வெளியே தெரியும். ஒடுங்கு பண்பு என்றால் இருவருமே கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் கொடுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும். ஒளிந்திருக்கிறது என்று சொல்லியே சாதாரணப் பல்லியை நல்ல விலைக்குத் தள்ளலாம். இந்தக் கடைசிப் பாடத்தில் எங்கள் உறுப்பினர் எவரும் தோற்றதில்லை. பொருளாளர் டுவெய்ன் ஒருமுறை இரண்டு வெளிறிய பல்லிகளைச் சேர்த்தார். இரண்டின் வெளுப்புக்கும் காரணம் வெவ்வேறு மரபணு என்பதைக் கவனிக்கவில்லை. குட்டிகள் எல்லாம் கடவுள் படைத்த அதே மஞ்சளில் பிறந்தன. கழகமே சிரித்தது. அடுத்த கண்காட்சியில் அதே குட்டிகள் "இரட்டை ரகசியம்" என்ற பெயரில் மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்தன.

தலைவர் வெண்டெல் ப்ரூயிட்டின் சாதனை இதையெல்லாம் விடப் பெரியது. அவர் உருவாக்கிய வகையின் பெயர் "சொர்க்க விடியல்". பால் வெள்ளைத் தோலில் ஆரஞ்சைத் தெளித்தது போல் இருக்கும். தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், கண் மேலே பார்க்கும், பதற்றமானால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். கழகத்தின் மொழியில் இதற்கு "ஆன்மிக நாட்டம்" என்று பெயர்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு லொரெட்டா ஸ்டப்ஸ் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வெண்டெலிடம் வாங்கிய சொர்க்க விடியலுக்கு மஃபின் என்று பெயர் வைத்து, குளிருக்குக் கோட்டுக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கொழுப்பைச் சேமித்துக் கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டிய அதன் வால் ஈர்க்குச்சியாக இருந்தது.

"வெண்டெல், இது பட்டினியில சாகப்போகுது. இந்த வகையை இனிமே பெருக்கக் கூடாதுன்னு இன்னைக்கே ஒரு முடிவு எடுங்க."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? அது தியானத்துல இருக்கு."

"தின்ன முடியாம என்னய்யா தியானம்?"

லொரெட்டா மஃபினை மேசையில் விட்டு, எதிரே ஒரு சில்வண்டைப் போட்டார். மஃபின் குறிபார்த்தது. பாய்ந்தது. காப்பிக் குவளையைக் கடித்தது. மறுபடி பாய்ந்து டுவெய்னின் கட்டைவிரலைப் பிடித்தது. பிறகு சுற்ற ஆரம்பித்தது. சுற்றி ஓய்ந்ததும் சில்வண்டு நிதானமாக ஏறி அதன் தலைமேல் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா, எவ்வளவு கருணை!" என்றார் வெண்டெல். நான் கூட்டக் குறிப்பேட்டில் "கருணை" என்று குறித்துக்கொண்டேன்.

"நிறத்தை வெச்சுக்கிட்டு இந்தச் சுத்தலை மட்டும் எடுத்துட முடியாதா?" என்று கேட்டார் லொரெட்டா.

"முடியாதும்மா. நானும் எத்தனையோ வம்சத்தோட சேத்துப் பாத்துட்டேன். ரெண்டும் ஒரே மரபணு. சூப்புல கரைஞ்ச உப்பு மாதிரி."

"அப்போ சூப்பைக் கொட்டு."

வெண்டெல் மஃபினின் முதுகைத் தொட்டுக் காட்டினார்.

"தோலைப் பாருங்கம்மா! இப்படி ஒரு ஆரஞ்சு எங்கயாவது உண்டா?"

"தோல் பிரமாதம்தான். தோலுக்குள்ள இருக்கறதுக்குத்தான் பசிக்குது."

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்த தலைவர் உடனே தீர்மானம் கொண்டுவந்தார்: சொர்க்க விடியலின் தலைச்சாய்வைக் "குறை" என்று எவரும் குறிப்பிடலாகாது, வாங்குவோருக்கு ஊட்டுவதற்கான இடுக்கி ஒன்று இலவசமாக வழங்கப்படும். டுவெய்ன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டே வழிமொழிந்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும்தான், செயலாளர் கை கீழே கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

லொரெட்டா அதைப் பார்க்கவே இல்லை. இடுக்கியில் ஒரு புழுவைப் பிடித்து மஃபினின் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தார். தவறியது. மறுபடி நீட்டினார், தவறியது. வாய் போகும் திசையெல்லாம் புழுவைக் கொண்டுபோய், ஒருவழியாகக் கவ்வ வைத்தார்.

"பிடிச்சிட்டடா, என் செல்லம்!"

"பாத்தீங்களா, எல்லாம் பழக்கந்தான்," என்றார் வெண்டெல். பலத்த கைதட்டல்.

லொரெட்டா மஃபினைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டார். "இதுக்கு நான் இருக்கேன். இந்த வருஷம் நீ பொரிக்க வைக்கப்போற மத்ததுக்கெல்லாம் யாருய்யா இருக்கா?" என்னிடம் திரும்பினார். "செயலாளரே, நீங்களாவது சொல்லுங்க. உங்க கண்ணு முன்னாடிதானே நடந்துச்சு?"

கேள்வி எனக்கு நேர் எதிரே இருந்தது. நான் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கூரையைப் பார்த்தேன். பக்கத்தில் வெண்டெலும் கூரையைப் பார்த்தார். டுவெய்னும் பார்த்தார். சந்தேகமே வேண்டாம், ஓங்கு பண்புதான். லொரெட்டாவைத் தவிர அங்கிருந்த அத்தனை பேரிடமும் வெளியே தெரிந்தது. மஃபினுக்கு அது பிறவியிலேயே வந்தது. நாங்கள் கை தூக்கி வரவழைத்துக்கொண்டோம்.