தாய்மாமன் ஒட்டிய பிலிம்

திரை திருத்திகள் என்றொரு இனம் திருவண்ணாமலையில் பெருகி வருகிறது. உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். செருப்பைக் கழற்றும்போதே அவர்கள் பார்வை டிவிமேல் போய்விடும்; நலம் விசாரிக்க மாட்டார்கள், நீட்டிய தண்ணீரை வாங்க மாட்டார்கள், நேராக ரிமோட்டை எடுத்து, “கலர் ஜாஸ்தி, கான்ட்ராஸ்ட் கம்மி. எப்டிங்க இத்தப் பாக்குறீங்க?” என்பார்கள். அதுவரை நாம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தெரு சக்கரபாணி இந்த இனத்தில் மூத்தவர். செங்கம் சாலை காபிக் கடையில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரரைக்கூட விட்டதில்லை. கூசுகிற நீல ஒளியைத் தடுக்கும், எழுத்தைப் பளிச்சென்று காட்டும் என்று சொல்லி, தன் போனில் மஞ்சள் பிலிம் ஒன்றை ஒட்டியிருந்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் நீலத்தைத் தடுத்துவிட்டால் நீலப் பொருளெல்லாம் என்ன நிறத்தில் தெரியும்? அதை யார் யோசித்தார்கள்?

அவருடைய தங்கை மகள் கவிநிலாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தாய்மாமன் சீராகப் புடவை எடுக்க வேண்டும். “இலைப்பச்சைதான் வேணும் மாமா” என்று அவள் ஆசையாகச் சொல்லியிருந்தாள்.

“கடைக்கே போயி எடுத்துரலாம்ணா” என்றாள் தங்கை தனம்.

“கடை லைட்ல கலரு எங்கம்மா தெரியும்? என் போன்ல தெரியறதுதான் அசல்” என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டார்.

நிச்சயத்துக்கு முதல் நாள் காலையில் பார்சல் வந்தது. பிரித்தார்கள். மயில்நீலம்!

“மாத்தி அனுப்பிட்டாம்மா! இதோ பாரு, நான் போட்டது பச்சை” என்று சக்கரபாணி போனை நீட்டினார். படத்தில் பச்சைதான். கவிநிலா போனை வாங்கினாள். ஓரத்தில் நகத்தை விட்டுப் பிலிமை உரித்தாள். பச்சை போய் மயில்நீலம் வந்தது.

சக்கரபாணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். “உன் ஆசைய நானே கெடுத்துட்டனேம்மா” என்றார்.

“அதுக்கு இன்னா மாமா இப்போ? கடை தொறந்துதான் இருக்கும். கெளம்புங்க.”

தேரடித் தெரு புடவைக் கடைக்காரர் அந்தப் பகலை மறக்கமாட்டார். சக்கரபாணி ஒவ்வொரு புடவையாக வாசலுக்குக் கொண்டுவந்தார், வெயிலில் விரித்தார், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், அப்போதும் நம்பிக்கை வராமல் ஆட்டோக்காரரை நிறுத்தினார்.

“அண்ணே, இது இன்னா கலரு?”

“பச்சைங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“பச்சைதாங்க! உங்களுக்குக் கண்ணு தெரியாதா?”

அந்தக் கேள்விக்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புடவையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

மறுநாள் கவிநிலா அந்தப் பச்சையில் மேடையேறினாள். மயில்நீலத்தைத் தனம் கட்டியிருந்தாள். அவளுக்கென்றே நெய்தது போலிருந்தது. சக்கரபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருந்திவிட்டார் என்கிறீர்களா? மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்இடி திரை ஒன்று வைத்திருந்தார்கள். துடைத்த கண்ணோடு அதை ஒருமுறை பார்த்தார், மெல்ல எழுந்தார். “மாமா!” என்றாள் கவிநிலா மைக்கில். உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போன் வெளிச்சம் உங்கள் கண்ணைக் குத்துகிறதா? “கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க சார், கண்ணுக்கு நல்லது” என்று சொல்ல நாக்கு துடிக்கிறதா? அப்படியானால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவையை வேறு யாராவது எடுக்கட்டும்.