ஒரே வரியில் கடையைக் காலி செய்த கதை

படித்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு. தெரிந்ததை யாருக்காவது காட்டாவிட்டால் நித்திரை வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலேயும் படித்த முதல் ஆள் நான். ஆகவே முன்னோர் எல்லோருக்கும் வரவேண்டிய நோயும் சேர்த்து எனக்கே வந்தது. (இன்னும் பூரண குணமில்லை.)

அப்போது துறைமுகத்துக்குப் போகும் தெருவில், நிஸார் நானாவின் அச்சகத்தில் அட்டை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கடைக் கணினியில் மென்பொருட்களைப் புதுப்பிப்பது பெரும் தொல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து கதவைத் தட்டும். 'பிறகு' என்றால் கோபித்துக்கொண்டு போய், அவசர வேலைக்கு நடுவில் திரும்பி வரும். நான்தான் நானாவிடம் மன்றாடி லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றினேன். அதில் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும், எல்லா மென்பொருளும் ஒன்றாகப் புதுசாகும்.

"சரி புள்ள," என்றார் நானா. "ஆனா ஒரு ஓடர் தவறினாலும் பழையபடி மாத்திடுவன். பிறகு அழப்படாது."

ஒரு வெள்ளிக்கிழமை, நானா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம், அப்பா முதல்முறையாகக் கடைக்கு வந்தார். சல்லிக் கிராமத்துக் கரையில் மீன்பிடிக்கிறவர். நான் மறந்து விட்டுவந்த சாப்பாட்டோடு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல நுழைந்தார். என் நோய்க்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

"இருங்கோ அப்பா. இதைப் பாருங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் கட்டளையைத் தட்டினேன்.

வரிகள் ஓடத் தொடங்கின. இணையத்தில் எங்கோ இருக்கும் மென்பொருள் களஞ்சியங்களைக் கேட்டு, எது பழசு, எதற்கு எது துணை என்று அதுவே பார்த்துக்கொண்டு போனது.

"ஆர் பிள்ளை இழுக்கினம்?" என்றார் அப்பா, வாய் பிளந்தபடி. "கரைவலை மாதிரி வந்துகொண்டே இருக்குது."

"ஒருத்தரும் இல்லை. தானா வரும்."

திடீரென்று ஓட்டம் நின்றது. நீண்ட பட்டியலின் அடியில் ஒரு கேள்வி: தொடரவா?

"நிண்டிட்டுது. என்னவாம்?"

"சும்மா மரியாதைக்குக் கேக்குது. ஓம் எண்டாச் சரி."

(பட்டியலின் மேலே 'பின்வருவன நீக்கப்படும்' என்று தெளிவாகத்தான் இருந்தது. அந்த அறையில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், அப்பாவின் முகத்தை ரசித்துக்கொண்டிருந்தாள்.)

ஓம் கொடுத்தேன். அட்டை வடிவமைக்கும் மென்பொருள் போனது. தமிழ் எழுத்துருக்கள் போயின. வரிசையாக, மிக ஒழுங்காகப் போயின.

அந்த நேரம் பார்த்துப் பாலையூற்றிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் மாமா ஓட்டோவில் வந்து இறங்கினார். முதல் கல்யாண அட்டையை அன்று மாலைப் பூசையில் கோணேசரிடம் வைத்த பிறகுதான் ஊருக்குக் கொடுப்பார்கள்.

"அட்டை ரெடியா பிள்ளை?"

கோப்பு பத்திரமாக இருந்தது. எஞ்சியிருந்த ஏதோ ஒரு மென்பொருளில் அதைத் திறந்தேன். மாமா எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, பொம்பிளையின்ர பேர் பெட்டி பெட்டியாக் கிடக்கு?"

"புது டிசைனாக்கும்," என்றார் அப்பா, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து.

நானா தொப்பியோடு திரும்பி வந்தார். மூன்று முகங்களையும் பார்த்தார். "பழசப் போடுற பென்டிரைவ் எங்க புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரல்தான் பயங்கரம்.

போனதைத் திரும்ப நிறுவச் சொன்னேன். அது மறுத்தது. இதற்கு அது வேண்டும், அது இருந்தால் இது வர ஏலாது என்று கோபித்த சம்பந்தி போல நின்றது. இந்த முறை வரி வரியாக வாசித்தேன். ஆகப் புதிய பதிப்புக்கு ஆசைப்பட்டு, போன கிழமை வெளியார் களஞ்சியம் ஒன்றை நானே சேர்த்திருந்தேன். சண்டையை மூட்டியது அதுதான். அதை எடுத்துவிட்டு, மறுபடியும் ஒரு வரி தட்டினேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் மயிர் கூச்செறிகிறது. நான் சொன்னது அட்டை மென்பொருளின் பெயர் ஒன்றை மட்டும்தான். அதற்கு வேண்டிய துணைகளையும், அந்தத் துணைகளுக்கு வேண்டிய துணைகளையும், ஒன்றைக்கூட மறக்காமல் அதுவே கூட்டிவந்தது. மூன்று பேரும் என் கதிரைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியாக எழுத்துருக்களைக் கேட்டேன். பெட்டிகள் கலைந்து, அவற்றுக்குள்ளிருந்து பெண்ணின் பெயர் எழும்பி வந்தது.

"அல்லாஹ்வே!" என்றார் நானா. "கோணேசா!" என்றார் மாமா. அப்பா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசைக்கு முன்னம் அட்டை கோயிலுக்குப் போனது. லினக்ஸ் கடையில் தங்கியது, நானும்.

ஆனால் அப்பா இந்தக் கதையைச் சும்மா விடுவாரா? இப்போது எங்கள் வீட்டில் யார் எதற்குத் தலையாட்டினாலும் இதுதான் பேச்சு. போன மாதம் கந்தளாயிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தேநீர் குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் தாய், "பிள்ளைக்கு விருப்பம்தானே?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அப்பா கையை உயர்த்தினார்.

"பொறு பிள்ளை. ஓம் சொல்ல முதல், என்னென்ன நீக்கப்படும் எண்டு கேள்."

கேட்டேன். பட்டியலில் முதலாவதாக என் வேலை இருந்தது.

இல்லை என்றேன்.