ஒருவேளை சார் பார்த்துக் கொடுத்த யுபிஎஸ்

தாம்பரம் சுற்றுவட்டாரத்திலேயே கரண்ட் போனால் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ‘ஒருவேளை’ சார்தான். இரும்புலியூரில் எங்கள் ஃபிளாட்டில் கரண்ட் போனதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "ச்சே!" என்று ஒரு சத்தம் கிளம்பும். மூன்றாவது மாடியிலிருந்து மட்டும் "அப்பாடா!" என்று வரும். கரண்ட் இருக்கும்போதுதான் அவருக்குப் பயம், எந்த நிமிஷம் போகுமோ என்று. போய்விட்டால் அப்புறம் பயப்பட என்ன இருக்கிறது? கழுத்தில் டார்ச்சை மாட்டிக்கொண்டு, பால்கனியில் வந்து நின்று, சிரித்த முகமாக ஊரைப் பார்ப்பார்.

பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். தனியாக இருந்தார். எந்த விஷயத்தையும் "ஒருவேளை" என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் சொந்தப் பெயர் ஒட்டவில்லை. லிஃப்ட்டில் ஏற மாட்டார். "ஒருவேளை நடுவுல நின்னுட்டா?" என்பார். ஆனால் காய்கறிப் பையைச் சுமந்து படியேறவும் முடியாது. அதனால் பையை மட்டும் லிஃப்ட்டில் வைத்து, மூன்றை அழுத்திவிட்டு, இவர் படியில் மூச்சு வாங்க ஓடுவார். வழியில் யாராவது லிஃப்ட்டைத் திறந்தால் உள்ளே ஒரு முருங்கைக்காய்க் கட்டு தனியாகப் பயணம் போய்க்கொண்டிருக்கும். ஒரு தடவை எங்களோடு குன்றத்தூர் முருகனைப் பார்க்க வந்தார். எல்லாரும் சன்னதியில் கண்ணை மூடிக் கும்பிட, இவர் மட்டும் கண்ணை அகலத் திறந்து எமர்ஜென்சி லைட் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. முன்பு முடிச்சூரில் வீடு. வெள்ளம் வந்த வருஷம் மொட்டை மாடியில் ஒதுங்கியிருந்தபோது போன் செத்துப்போனது. துபாயில் இருக்கும் ஒரே மகள், அப்பா இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் அங்கே அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

"தண்ணி வந்ததுகூட பரவாயில்ல தம்பி. அவ கூப்பிட்டா, நான் எடுக்கல. அத நெனச்சா இப்பவும் தூக்கம் வர மாட்டேங்குது" என்பார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் இஸ்திரி போட்ட சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மகள் வீடியோவில் வருவாள். மேஜைக்குக் கீழே யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வாட்ச்மேனுக்குக்கூடத் தைரியம் வராது.

இப்படிப்பட்டவரிடம் போய் என் மனைவி சுதா வாயைக் கொடுத்தாள்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள் அவள். பல வருஷம் கழித்து ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கிற கணக்கு வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தது. அதற்கு முன் ஆன்லைனில் ஒரு பரீட்சை. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் அவ்வளவுதான், மறுபடி எழுத முடியாது. எங்கள் தெருவிலோ ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

"இன்வெர்ட்டர்தான் இருக்கே" என்றேன் நான்.

"அது ஃபேனுக்கும் லைட்டுக்கும். கம்ப்யூட்டர் பொசுக்குனு அணைஞ்சுதான் போகுது. நீங்க பாத்ததே இல்லையா?" என்றாள். ராத்திரியெல்லாம் அவள் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இந்த வேலை வந்துவிட வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. அதிலிருந்தே எவ்வளவு வேண்டும் என்று புரிந்தது.

படிக்கட்டில் சாரைப் பார்த்து, "நல்ல யுபிஎஸ் எது சார்?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை காபி குடிப்பதற்குள் வாசலில் நின்றார். கையில் பெரிய கட்டைப்பை. உள்ளே ஒரு மரப்பலகை, அதில் வரிசையாக ஹோல்டர்கள், அவற்றில் அந்தக் கால குண்டு பல்புகள்.

"உங்க கம்ப்யூட்டர் எவ்வளவு இழுக்குமோ, இந்த பல்பெல்லாம் சேர்ந்து அவ்வளவு இழுக்கும். கடையில கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல? இத மாட்டிப் பாத்துட்டுதான் வாங்கணும். வாங்க தம்பி."

தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஒரு போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார். பைக்குள் எட்டிப் பார்த்தார். ஒயரும் பல்புமாக இருந்தது.

"இன்னாய்யா இது?"

"லோடு சார்" என்றார் ஒருவேளை சார்.

"இன்னா லோடு? எதுக்கு?"

"யுபிஎஸ்ஸு செத்துப்போற வரைக்கும் எரிய விடறதுக்கு."

சாவு என்ற வார்த்தை வந்ததும் போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. யுபிஎஸ் என்பது ஆள் இல்லை, பேட்டரிப் பெட்டி என்று விளக்கி முடிப்பதற்குள் நாக்கு வறண்டது. இவரோ நடுவில் புகுந்து, "சார், உங்க ஸ்டேஷன்ல வாக்கிடாக்கிக்கெல்லாம் பேக்கப் இருக்கா? ஒருவேளை..." என்று ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

மார்க்கெட் பக்கத்துக் கடையில் கடைக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். அட்டையில் ஆயிரம் என்று கொட்டை எழுத்து. நான் பர்ஸை எடுத்தேன். சார் தடுத்தார்.

"பெரிய நம்பர நம்பாதீங்க. அது வி.ஏ. கீழ பொடியா வாட்ஸ்னு போட்டிருக்கும் பாருங்க. அதுதான் நிஜமா தூக்கற வெயிட்டு." பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "இது எப்பப் பொறந்தது?" என்றார்.

"இன்னா சார், பொண்ணு பாக்கவா வந்துகிறீங்க?"

"பேட்டரி தேதி கேக்கறேன்ப்பா. ஒருவேளை உங்க கடையில ரொம்ப நாளா சார்ஜே இல்லாம தூங்கிட்டு இருந்தா? புதுசா வாங்கி பழசைத் தூக்கிட்டுப் போகணுமா?"

அதை சார்ஜில் போடச் சொல்லிவிட்டு, சாயங்காலம் மறுபடி போனோம். கடை நடுவில் பலகையை விரித்து, பல்புகளை யுபிஎஸ்ஸில் எரியவிட்டு, அதன் பிளக்கைப் பிடுங்கினார். எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். ஏதோ வித்தை காட்டப் போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே பல்புகள் சோர்ந்து அணைந்தன. கூட்டம் "ஐயய்யோ" என்றது.

"பாத்தீங்களா? பரீட்சையில முதல் கேள்வி படிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்றார் சார், ரொம்பத் திருப்தியாக.

"இன்னொண்ணு தரேன். ஆனா இப்டி பல்பப் பாத்துகினு குந்தினா எனக்கு வியாபாரம் பேஜாராவும் சார்" என்றார் கடைக்காரர். அடுத்தது சூடாகி ஒரு வாசனை விட்டது. அதற்கடுத்ததைப் பார்க்க இரண்டு கடை தள்ளிப் போனோம். அங்கே ஒரு கறுப்புப் பெட்டி, கூட்டம் சலித்துக் கலைந்து போன பிறகும் பல்புகளை எரியவைத்துக்கொண்டிருந்தது. சார் எழுந்து நின்று அதன் தலையில் தட்டிக் கொடுத்தார். "இது நிக்கும்" என்றார். வாங்கினோம்.

சனிக்கிழமை ஒத்திகை. சுதா மாதிரித் தேர்வைத் திறந்து உட்கார்ந்தாள். சார் கீழே போய் எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினார். யுபிஎஸ் ‘பீப் பீப்’ என்று அலறியது. கம்ப்யூட்டர் அசையவில்லை! நான் கை தட்டினேன். சுதா தட்டவில்லை. திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று வந்திருந்தது.

டிவி பக்கத்தில் மோடம் இருட்டாக உட்கார்ந்திருந்தது. அதை யுபிஎஸ்ஸில் மாட்ட யாருக்கும் தோன்றவில்லை. பேட்டரிக்குப் பிறந்த தேதி பார்த்த மனிதர், கம்ப்யூட்டரை வெளியுலகத்தோடு சேர்க்கிற பெட்டியை மறந்துவிட்டார். மேலே வந்து பார்த்தவர் முகம் செத்துவிட்டது. "நான் போய் எப்படி..." என்றார். உடனே மோடத்தையும் யுபிஎஸ்ஸில் மாட்டி மறுபடி சுவிட்சை இறக்கினோம். எல்லாம் ஓடியது. சுதா முதல் தடவையாகச் சிரித்தாள். சார் சிரிக்கவில்லை. மேலே கூரையைப் பார்த்தபடி, "ஒருவேளை..." என்றார். வாக்கியத்தை முடிக்காமலே போய்விட்டார். மனிதர் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகனை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சுதா எழுத ஆரம்பித்தாள். நான் கேமராவில் விழாமல் தரையில் யுபிஎஸ் பக்கத்தில் காவல். பாதிப் பரீட்சையில் கரண்ட் போனது. பீப் சத்தம் கேமராக்காரர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று பதறி மியூட் பட்டனை அழுத்தினேன். மோடத்தையே பார்த்தேன். பச்சை. இன்னும் பச்சை. சுதாவின் கீபோர்டு சத்தம் நிற்கவில்லை.

நல்ல செய்தியைச் சாரிடம் சொல்லலாம் என்று பூனை போல வெளியே வந்தேன். படிக்கட்டு விளக்கு அணைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஃபிளாட்டுக்கே இன்டர்நெட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. கேபிள்காரர்கள் இந்தப் பக்கமெல்லாம் செய்கிற மாதிரி, அதற்குப் படிக்கட்டு விளக்கு லைனில் இருந்துதான் கரண்ட் எடுத்திருந்தார்கள். நேற்று எங்கள் வீட்டை மட்டும் அணைத்ததால் தெரியவில்லை. இப்போது மொத்தக் கட்டடமும் இருட்டு. பிறகு எப்படி மோடம் பச்சையாக இருக்கிறது?

மாடிக்கு ஓடினேன். சார் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. மேஜைக்குக் கீழே யுபிஎஸ் இல்லை.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம், இன்டர்நெட் பெட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சாருடைய யுபிஎஸ். அதன் மேல் குடை. குடையைப் பிடித்தபடி, இஸ்திரி போட்ட சட்டை முழுக்க நனைந்து, சார் குந்தியிருந்தார். கரண்ட் போன நேரத்தில் அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

"சார், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. உங்க பொண்ணு..."

"நேத்தே சொல்லிட்டேன், அப்பா வர மாட்டேன், பயப்படாதேன்னு. சுதா முடிச்சிட்டாளா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப இங்க என்ன நிக்கறீங்க? கீழ போங்க தம்பி. ஒருவேளை அவ தண்ணி கேட்டா?"

கீழே போனேன்.

சுதாவுக்கு வேலை கிடைத்தது. போன வருஷம் மகள் வந்து சாரைத் துபாய்க்குக் கூட்டிப் போய்விட்டாள். மாடியில் வைத்த யுபிஎஸ்ஸை அங்கேயே விட்டுப் போனார். அந்த ஊரில் கரண்ட்டே போவதில்லையாம். நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. பாவம், மனிதர் நாள் பூராவும் பயந்துகொண்டே இருப்பாரே.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத்தான் வீடியோவில் கூப்பிடுகிறார். போன வாரம் பேசும்போது முகம் வாடியிருந்தது. சாப்பாடு, வெயில், மூட்டுவலி என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது இங்கே கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பேச்சை நிறுத்திக் காதைக் கூர்மையாக்கினார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்."

"அப்பாடா!" என்றார். திரை முழுக்க அந்தச் சிரிப்பு.

என் விரல் வழக்கம்போல மியூட் பட்டனுக்குப் போனது. சுதா கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் அவர் கேட்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டோம்.