லெட்சுமிக்கு வந்த பி.ஆர்.

வெள்ளிக்கிழமைகளில் புதுக்கோட்டையிலிருந்து வல்லத்திராக்கோட்டைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. திருவிழாவா? இல்லை. சந்தையா? அதுவும் இல்லை. ரோட்டோரத் தகரக் கொட்டகையில் பி.ஆர். சித்தர் எழுந்தருளியிருக்கிறார்!

மழைக்கு ஒரு சாமி, பிள்ளை வரத்துக்கு ஒரு சாமி இருக்கும்போது, வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஒரு சாமி வேண்டாமா? இங்கிலாந்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தால் கிடைத்துவந்த பி.ஆரைப் பத்து வருடம் ஆக்கலாமா என்று அந்த அரசாங்கம் ஒரு யோசனை சொன்னது. வெறும் யோசனைதான். அதற்குள் குளத்தூர் முதல் மணமேல்குடி வரை பெற்றவர்களின் வயிற்றில் புளி கரைந்தது. கரைந்த புளியில் ரசம் வைக்கத் தெரிந்தவர் நம் சித்தர். மூன்று வருடத்துக்கு முன்னால் பிரசாந்த் என்ற பெயரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர்.

முறை மிகவும் எளிது. வெளிநாடு போனவர், போகப்போகிறவர் விவரத்தை ஒரு தாளில் எழுத வேண்டும். எதிரே மலையாண்டி கடையில் அதை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். வேறு கடை ஜெராக்ஸ் யாகத்தில் எரியாதாம்! நகலை மலையாண்டியிடம் கொடுத்துவிட்டு, அசலைக் கவரில் போட்டு ஒட்டி சித்தரிடம் நீட்டினால், பிரிக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்வார். பக்தர் வாயைப் பிளந்ததும், வீட்டில் யாருடைய பாஸ்போர்ட் இருக்கிறதோ அதை வாங்கி ஒரு மண்டலம் பீடத்துக்கு அடியில் வைப்பார். நாற்பத்தெட்டாம் நாள் லண்டனில் சட்டம் குப்புறப் படுத்துவிடும்.

போன வாரம் மருமகளையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்ற அழகிக்கு இது பிடித்துவிட்டது. மகன் அருண்குமார் இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் கலைமதியும், அப்பா என்றால் செல்போன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு வயதுப் பேத்தியும் இங்கே.

"ஒன் பாஸ்போர்ட்டக் கொடு. பீடத்துல வச்சுட்டு வாரேன்" என்றாள் அழகி.

"அத்தை, புதன்கிழமை திருச்சியில எனக்கு இங்கிலீஷ் பரீட்சை. கூடப் போறவங்களும் பாஸ் பண்ணியிருக்கணும்னு சட்டம் வரலாங்கிறாங்க. அசல் பாஸ்போர்ட் இல்லாம உள்ளயே விட மாட்டாங்க."

"பரீட்சை அடுத்த மாசமும் வரும். சித்தரு சொன்னது தப்பாது. சூசைராஜ் அண்ணன் மகன் பொறந்த வருஷத்தக்கூடச் சொன்னாரே!"

சொன்னார்தான். மணமேல்குடி சூசைராஜ் பதற்றத்தில் மகனுடைய பிறந்த வருடத்துக்குப் பதில் தன்னுடையதை எழுதிவிட்டார். சித்தரும் அதே வருடத்தைச் சொன்னார். "எழுதுனத அப்பிடியே சொல்றாருங்க!" என்று சூசைராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பனும் மகனும் ஒரே வருடத்தில் எப்படிப் பிறந்தார்கள் என்று அந்தக் கூட்டத்தில் கலைமதி ஒருத்திதான் யோசித்தாள். ஞானக்கண்ணுக்கு எழுத்துப்பிழையுமா தெரியும்?

"சரி அத்தை, நான் ஒரு தாள் எழுதித் தர்றேன். அது யாருன்னு சித்தரு சரியாச் சொல்லிட்டா, பாஸ்போர்ட்ட அங்கனயே வச்சுட்டு வாரேன். தப்புன்னா பரீட்சைக்குப் போறேன்."

"ஒன் பி.எஸ்சி. எல்லாம் சாமிகிட்டப் பலிக்காது. வா போவம்" என்றாள் அழகி. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ஜெராக்ஸ் ஆயிற்று. கவர் ஒட்டியாயிற்று. சித்தர் கவரை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினார். ஜடாமுடி இரண்டு காதையும் மூடியிருந்தது.

"லெட்சுமி... தகப்பன் எடத்துல அழகுமலைன்னு தெரியுது."

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. அழகுமலை அழகியின் புருஷன். அழகியின் புருவம் லேசாகச் சுருங்கியது.

"பால் துறையில உத்தியோகம். ஆறு வருஷமா ஒரே எடம். மூணு பிரசவம். பன்னெண்டு எலக்கத்துல ஒரு நம்பரு. எடது காதுல மஞ்சளா ஒரு அடையாளம்!"

"எல்லாம் சரிங்க சாமி" என்றாள் கலைமதி. "லெட்சுமி இப்ப எங்க இருக்கா?"

தாளில் அது இல்லை. சித்தர் கவரை இன்னும் அழுத்தி நெற்றியில் வைத்தார். சொந்தமாக யோசிக்க வேண்டிய கட்டாயம், பாவம்.

"பனி கொட்டுது... லண்டனுக்கு வடக்க நிக்கிறா. இங்கிலீஷ் வராம வாயத் தொறக்கப் பயப்படுறா. கவலைய விடு. பாஸ்போர்ட்ட இங்கிட்டு வையி. பரீட்சை எழுதாமலே பி.ஆர். வாங்கித் தர்றேன்!"

அழகி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அடப் பாவி! லண்டன்ல நிக்கிறாளா? காலையில நாந்தானய்யா பால் கறந்துட்டு வாரேன்! அது எங்க வீட்டுப் பசுமாடு! காதுல இருக்கது மாட்டாஸ்பத்திரியில அடிச்ச நம்பரு!"

கொட்டகையில் சிரிப்பு வெடித்தது. சூசைராஜுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நேரே போய் ஜடாமுடியைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்தது. காதிலிருந்த ப்ளூடூத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார்.

"என்னண்ணே கேக்குது?" என்றது கூட்டம்.

"'மாப்ள, அடுத்த தாள வாசிக்கவா?'ங்கிறான் மலையாண்டி!"

பீடத்தைப் புரட்டினார்கள். அடியில் முப்பதுக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட்டுகள். சிலதில் எண்ணெய், சிலதில் மஞ்சள், ஒன்றில் எலி கடித்த பல் தடம். பி.ஆர். கேட்டு வந்தவர்கள் இனிப் புது பாஸ்போர்ட் கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். சித்தர் புண்ணியத்தில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: காத்திருக்கும் காலம் கூடிவிட்டது.

புதன்கிழமை காலை. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அழகி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். திருச்சி பஸ் புறப்படும் நேரத்தில் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"அத்தை, மறுபடியும் மந்திரிச்சதா?"

"சும்மா இருடி. பஸ்ஸுல கொமட்டுனா மோந்துக்க."

இங்கிலாந்து அரசாங்கம் சட்டத்தை மாற்றும், மாற்றாமலும் போகும். எலுமிச்சம்பழத்தின் வேலை என்ன என்று அழகிக்கு இப்போது தெரிந்துவிட்டது. தலைக்கும் ஒரு வேலை உண்டு ஐயா. மொட்டை போட்டுக்கொள்வது மட்டும் அல்ல!