பொன்பன்றித் தீவனத்தின் ஒரே வெற்றி

சுவாங்ஷி நகரம்,
வியாழக்கிழமை, மாலை 5.40

மதிப்பிற்குரிய மைத்துனர் லுவோ தாயோங் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பெய்ரோங்கின் கணவனும் நகர ஆவணக் காப்பகத்தின் துணைத் தலைவனுமாகிய தெங் ஜிங்யான் பணிவுடன் எழுதுவது. இந்த மழையில் உங்கள் வலது முழங்கால் தொல்லை தராமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் பெய்ரோங்கும் நலம். சரியாகச் சொன்னால், நான் நலம். பெய்ரோங் திங்கட்கிழமை முதல் என்னுடன் பேசவில்லை என்பதால் அவள் நலத்துக்கு என்னால் சான்றளிக்க இயலாது. நடந்தால் பதினொரு நிமிடத்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருப்பவருக்குக் கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நேற்று உங்கள் தேநீர்க் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிண்ணத்தின் மூடியைத் திறந்து ஓரமாகச் சாய்த்து வைத்தேன். மூடி திறந்திருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டும் என்பது இந்த ஊரில் பால்குடி மறந்த எல்லாருக்கும் தெரியும். நீங்கள் கெண்டியோடு வந்தீர்கள், எனக்கு இடப்புறம் இருந்தவருக்கு ஊற்றினீர்கள், வலப்புறம் இருந்தவருக்கு ஊற்றினீர்கள், பிறகு யாருமே இல்லாத ஒரு நாற்காலியின் முன்னால் இருந்த கிண்ணத்துக்கும் ஊற்றினீர்கள். ஆகவே எழுத்து மூலம் தெரிவிப்பது என்று முடிவு செய்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். புதிய விளையாட்டரங்கின் வாசலில் கல்வெட்டு வைக்கப்போவதும் அது வருகிற சனிக்கிழமை திறக்கப்படப்போவதும் நீங்கள் அறிந்ததே. ‘சர்வதேசப் போட்டிகளில் நம் கழகம்’ என்ற தலைப்பில் அதற்கு வாசகம் எழுதித் தரும்படி அரங்கத்தின் இயக்குநர் ஹூ என்னைக் கேட்டார். “என்ன சார் பெரிய வேலை? மொத்தமே ரெண்டு ஆட்டம். ஜெயிச்சதப் பெருசா வெட்டுங்க, தோத்ததப் பொடி எழுத்துல போடுங்க, முடிஞ்சுது” என்றார். எழுத்தின் அளவு முடிவின் தன்மையைப் பொறுத்து மாறலாகாது என்று அவருக்கு அப்போதே சொன்னேன். ஆனால் அந்த ஆட்டத்தை நான் மதிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1996ஆம் ஆண்டு ஆசியக் கழகங்களுக்கான கோப்பையில் தாஷ்கண்ட் பருத்தி ஆலை அணியை தீவனக் கம்பெனி நடத்திய நம் பொன்பன்றித் தீவனக் கால்பந்துக் கழகம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றபோது எனக்கு இருபத்தொரு வயது. கிழக்குப் பக்கம், பதினான்காம் வரிசை, கொட்டுகிற மழை. எண்பத்தெட்டாம் நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி. பந்து கோல்கீப்பரான உங்கள் வலது முழங்காலில் பட்டு, கம்பத்தில் பட்டு, திரும்பி வந்து உங்கள் முகத்தில் பட்டு, அங்கேயே சேற்றோடு ஒட்டிக்கொண்டது போல நின்றது. அதில் கடைசிப் பகுதியை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்கு முன்னால் ஒரு பெண் பெஞ்சில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். “தயவுசெய்து உட்காருங்கள், நுழைவுச் சீட்டின் பின்பக்கம், ஆறாம் விதி” என்றேன். “யோவ், அங்க நிக்கிறது எங்க அண்ணன்யா” என்றாள். அப்படித்தான் நான் உங்கள் குடும்பத்துக்குள் வந்தேன். திரும்ப அவர்கள் ஊருக்குப் போய் ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றதை யாரும் பேசுவதில்லை. நானும் இங்கே பேசவில்லை, பதிவு மட்டும் செய்கிறேன்.

சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், வாசகம் எழுத உட்கார்ந்தவன் முறைப்படி ஆவணங்களைப் பார்த்தேன். நம் நாட்டில் கழகம் என்பது பதினொரு ஆட்களோ பச்சைச் சட்டையோ அல்ல, ஒரு பதிவுப் பத்திரம். யார் வாங்குகிறார்களோ அவர்கள் பெயர் அதற்கு வரும், அவர்கள் இழுத்த ஊருக்கு அது போகும், பழைய வெற்றி தோல்விகள் எல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். 1998இல் தீவனக்காரருக்குக் கால்பந்து சலித்துப்போய், கழகத்தை அப்படியே மெய்தூ நகரத்துக்கு விற்றுவிட்டார். அணியின் பேருந்து கிளம்ப மறுத்ததால் ஆட்டக்காரர்கள் ரயிலில் போனார்கள். முழங்கால் போய்விட்டதால் நீங்கள் போகவில்லை. ஐந்து வருடம் நமக்குக் கழகமே இல்லை. பிறகு 2003இல் ஒரு கட்டட முதலாளி, வடக்கே ஏதோ ஒரு துறைமுக ஊரிலிருந்த முத்துப் பற்பசைக் கழகத்தின் பத்திரத்தை வாங்கி வந்து இங்கே நட்டார். இன்று நாம் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவது, சட்டப்படி, அந்தப் பற்பசைக்கு. பற்பசையின் சர்வதேச வரலாறு என்னவென்றால் நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி. போட்டது ஒரு கோல், அதுவும் எதிரணிக்காரர் தவறிப்போய்த் தன் வலையிலேயே அடித்தது. வாங்கியது பதினேழு.

ஆகவே கல்லுக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். வேறு எதை எழுதுவது?

கல்லில் பார்ப்பதற்கு முன்னால் உங்களுக்கு நேரில் சொல்வதே மரியாதை என்று ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தது என் பிழைதான். கடையில் ரசிகர் மன்றமே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொரித்துக்கொண்டிருக்கும் என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை. நான் பத்திர எண்ணைப் படித்து முடிப்பதற்குள், அரங்கத்தில் முரசடிக்கும் டான் அக்கா எழுந்துவிட்டார்.

“அப்போ அன்னிக்கு மழையில நனைஞ்சது யாரு சார், மெய்தூக்காரனா?”

“நனைந்தது நாம். வென்றது, சட்டப்படி, மெய்தூ.”

“அந்தப் பற்பசை பதினேழு வாங்குச்சே, அத நம்மல்ல யாராச்சும் பாத்தோமா?”

“வாய்ப்பில்லை. அப்போது அது நம் கழகம் அல்ல.”

“பாக்காத தோல்விய நாம கட்டிக்கிட்டு அழணும், பாத்த வெற்றியத் தூக்கி அவனுக்குக் குடுக்கணும். இதுக்குத்தான் இவரப் படிக்க வச்சாங்களாம்ப்பா.”

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, “மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த முட்டி யாருது? நம்மூருதா, மெய்தூதா?” என்றீர்கள். ஒப்பந்தத்தில் முழங்கால் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை என்று பதில் சொன்னேன். பதிலின் உள்ளடக்கத்தில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. சொன்ன தொனிக்காக வருந்துகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் கெண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து நான் படும் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். அலுவலகம் விட்டு வெளியே வந்தால், தோற்கிற பயிற்சியாளரைத் துரத்த அரங்கத்தில் கத்துவார்களே, “வகுப்பு முடிஞ்சது, வீட்டுக்குப் போ”, அதை ஒரு கூட்டம் எனக்காக வாசலில் நின்று கத்துகிறது, டான் அக்கா முரசோடு. நான் எப்போதும் போகிற முடி வெட்டும் கடையில் பாதித் தலை வெட்டியதும் கடைக்காரன், “மீதிப் பாதி மெய்தூல வெட்டிக்கங்க, பத்திரம் அங்கதான இருக்கு” என்று சொல்லிவிட்டான். கல்தச்சர் உளியைக் காணோம் என்கிறார், தினமும் ஒரு உளி. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பெய்ரோங் வெறும் சோற்றை முன்னால் வைத்து, சோயாக் கட்டிக் குழம்பைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, “இந்தத் தோஃபு எந்த ஊருப் பத்திரத்துல இருக்குன்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் போடறேன்” என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம் அது. நான் தோற்றது போலத்தான் இருக்கிறது, ஆனா தப்பு என்ன பண்ணேன், அதை மட்டும் யாராவது சொல்லுங்கள். மெய்தூவின் காட்சிக் கூடத்தில் உங்கள் படம் மாட்டியிருக்கிறது, முகத்தில் பந்தோடு. கீழே ‘மெய்தூவின் கோல்கீப்பர்’ என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ஒரு நாள்கூட மெய்தூவில் கால் வைத்ததில்லை. அந்த வரியைப் படித்தபோது எனக்கும் நெஞ்சை ஏதோ செய்தது. ஆனால் நெஞ்சு செய்வதை ஆவணத்தில் சேர்க்க விதியில் இடமில்லை.

இனி இந்தக் கடிதத்தின் கடினமான பகுதி. ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலில் விற்ற பொருள்கள் இருக்கின்றன: நாற்பது பந்துகள், வலை இரண்டு, சட்டைகள், ஏழாவதாக ‘பேருந்து ஒன்று, வெண்மஞ்சள் நிறம், நாற்பத்திரண்டு இருக்கை’. அது கிளம்பாமல் இங்கேயே நின்றுபோனதும், நீங்கள் பயணிகள் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அடுப்பு வைத்து மூங்கில் நாற்காலி போட்டதும், இருபத்தேழு வருடமாக அது உங்கள் தேநீர்க் கடையாக இருப்பதும் ஊருக்கே தெரியும். ஆனால் அது மெய்தூவின் சொத்து. தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் நான் என்ன ஆவணக் காப்பாளன்? செவ்வாய்க்கிழமை அவர்களுக்குத் தகவல் எழுதினேன். நாற்பது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தூக்கு வண்டியோடு வருகிறார்கள். காட்சிக் கூடத்தில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப்போகிறார்களாம். எட்டு மணிக்குள் அடுப்பு, வெந்நீர்க் குடுவைகள், பதினெட்டு நாற்காலிகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டால் ஒப்படைப்பு ஒழுங்காக நடக்கும். நான் வந்து பட்டியல் போட உதவுகிறேன்.

உங்கள் முழங்காலுக்கு வெயிலும், தேயிலைக்கு மணமும், உங்களுக்கு நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும். என்னை மன்னிக்க முடியாவிட்டாலும் பெய்ரோங்கிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்; வெறும் சோறு நான்காவது நாள்.

என்றும் உங்கள் மாப்பிள்ளை,
தெங் ஜிங்யான்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, காலை 6.10. மேலே எழுதியதில் உங்கள் முழங்கால் நலம் பற்றிய வரியைத் தவிர மற்ற அனைத்தையும் ரத்து செய்கிறேன். ஒட்டுவதற்காக உறையை மேசையில் வைத்திருந்தேன். அதிகாலையில் எழுந்த பெய்ரோங் அதை எடுத்துப் படித்துவிட்டு, நான்கு நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்: “அந்த ஒப்பந்தத்துக்குப் பின்பக்கம் என்ன இருக்கு?” நான் பார்த்தது நகல், நகலுக்குப் பின்பக்கம் வெற்றுத்தாள் என்றேன். மூலத்தை யாரும் தொடலாகாது, நகலைத்தான் பார்க்க வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான். நகல் எடுத்தவன் முன்பக்கங்களை மட்டும் எடுத்திருக்கிறான். “நுழைவுச் சீட்டுக்குப் பின்பக்கம் படிச்சு என்னை உக்காரச் சொன்ன ஆளு, எங்கண்ணன் பத்திரத்துக்குப் பின்பக்கம் படிக்கலையா?” என்றாள். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூலத்தின் ஆறாம் பக்கத்தின் பின்னால், பதினோராம் ஷரத்து: இணைப்பிலுள்ள எல்லாப் பொருள்களும் வாங்குபவர் கையில் சேர்ந்த நாளில்தான் விற்பனை செல்லும், அதுவரை கழகத்தின் பதிவும் அதன் போட்டி வரலாறும் சுவாங்ஷிக்கே உரியவை. பேருந்து போய்ச் சேரவே இல்லை, மச்சான். இருபத்தேழு வருடமாக அந்த வெற்றியை நம்மூரில் பிடித்து வைத்திருப்பது உங்கள் அடுப்பும் பதினெட்டு நாற்காலிகளும்தான். முட்டி நம்மூருதான். அதை மெய்தூவுக்குக் கொடுக்க உலகத்திலேயே ஒரே ஒருவனால்தான் முடிந்திருக்கும், அவன் செவ்வாய்க்கிழமை எழுதியும் விட்டான்.

கல்தச்சரை எழுப்பித் திருத்திய வாசகத்தைக் கொடுத்தாயிற்று. உளி உடனே கிடைத்துவிட்டது. ஆறு ஆட்டம், ஒரு வெற்றி, ஐந்து தோல்வி, போட்டது இரண்டு, வாங்கியது இருபத்திரண்டு. பற்பசையின் பத்திரமும் நம்மிடமே இருப்பதால் அதற்கு மேல் என்னால் குறைக்க இயலாது. வெற்றியின் வரி கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கும். உங்கள் பெயரும் அதில் இருக்கிறது.

நாற்காலி எதையும் நகர்த்தாதீர்கள். கடையின் கதவை 1998 முதல் பூட்டுவதில்லை என்பதால் நான் இப்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துதான் இதை முடிக்கிறேன். ஆள் உட்கார்ந்திருக்கும் வாகனத்தைத் தூக்கக் கூடாது என்பது சாலை விதி. இந்த முறை இரண்டு பக்கமும் படித்துவிட்டேன். டான் அக்கா முரசோடு பின்னால் இருக்கிறார், இன்னும் என்னைத் திட்டி முடிக்கவில்லை. கடிதத்தைப் பெய்ரோங் உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருகிறாள். ஒன்பது மணிக்குள் நீங்களும் கெண்டியோடு வாருங்கள். என் கிண்ணத்தின் மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன்.