மாமனாருக்குப் பயந்த என்ஜின்

"என்னங்க, இது ஓடுதா, இல்ல இருமுதா?"

ஈரத்துணி வாளியோடு முற்றத்துக்கு வந்த மனைவி கேட்டாள். தரையில் குந்தியிருந்த டிரைவிங் மாஸ்டர் நிமிரவே இல்லை. அவருக்கு முன்னால், ஒரு செங்கல்லின் மேல் நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, சிவப்பு ரிமோட் கார் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அளவில் ஒரு கொழுத்த பூனைதான் இருக்கும். ஆனால் அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உள்ளே இருப்பது நிஜ என்ஜின், குடிப்பது நிஜப் பெட்ரோல்.

அந்த நிஜ என்ஜினுக்குத்தான் இன்று என்னவோ ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் சமர்த்தாக முனகும். திடீரென்று யாரோ தொடையில் கிள்ளியதுபோல் வீரிடும். அடுத்த கணமே சுருதி இறங்கித் தொய்ந்துபோகும்.

சாயங்காலம் மைதானத்தில் பந்தயம். போன தடவை எல்லா வண்டியும் சிட்டாகப் பறந்துவிட, மாஸ்டருடையது மட்டும் புறப்பட்ட கோட்டிலேயே புகைவிட்டுக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து டிரைவிங் ஸ்கூலில் அவர் பெயர் 'ஸ்டார்ட்டிங் டிரபிள்'. கிளட்ச்சை விடத் தெரியாமல் அவரிடம் தினம் திட்டு வாங்குகிறவர்கள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"ஒண்ணுமில்ல, பெட்ரோல் ஜாஸ்தி போகுது. கார்புரேட்டர்ல ஒரு திருகு, அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர்.

திருகினார். எந்தப் பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும் என்பதுதான் மறந்துபோயிருந்தது. குபுகுபுவென்று நீலப் புகை கிளம்பி, அப்போதுதான் கொடியில் போட்ட வெள்ளைப் படுக்கைவிரிப்பை அணைத்துக்கொண்டது.

"இப்பத்தானே தொவைச்சேன்!"

"காத்துல போயிடும்மா."

"எது? விரிப்பா, கறையா?"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து மாமனார் இறங்கி வந்தார். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கலாம் என்று மாமியாரோடு வந்திருந்தார். அவர் செருமினால் தெருநாய்கூட வரிசையில் நிற்கும்.

"மாப்பிள்ளை, இந்த வயசுல பொம்மைக் காரா?"

"இது பொம்மை இல்ல மாமா. என்ஜின் ஏறி ஏறி இறங்குது, அதான்…"

"எங்க ஏறி இறங்குது?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். என்ஜின் கைகட்டி வாய்பொத்தி நிற்கும் மாணவனைப்போல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப வரைக்கும் ஆடிச்சு மாமா!"

"சாயங்காலம் இது ஜெயிக்கலேன்னா காயலான் கடையில போட்டுட்டு உருப்படியா ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மாமனார் மாடியேறினார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சற்று நேரத்துக்கெல்லாம் என்ஜின் 'வீல்' என்று கத்தியது.

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்கப்பான்னா என்ஜினுக்குக்கூட பயம் பாருங்க. உங்களுக்குத்தான் இல்ல."

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த பஞ்சு எண்ணெயும் மண்ணுமாகப் பிசுபிசுத்தது. அதைப் பிழிந்தார், அது கையோடு இரண்டாகக் கிழிந்து வந்தது. சமையலறைக்கு ஓடி, பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சைக் கத்தரித்து அந்த இடத்தில் திணித்தார். என்ஜின் ஒரு முறை மூச்சு வாங்கியது. விக்கியது. நின்றே போனது.

பிறகு பிளக்கைத் துடைத்தார். பெட்ரோல் குழாயை வாயால் ஊதினார். ஊதியதைவிட உறிஞ்சியது அதிகமாகிவிட, குழாயடிக்கு ஓடிக் காறிக் காறித் துப்பினார். திரும்பி வந்து பஞ்சைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை ஆத்திரத்தோடு ஓர் இழு இழுத்தார். கயிறு அறுந்து கையோடு வந்தது. மாஸ்டர் மல்லாந்தார்.

"கயிறு! ஏதாவது கயிறு குடு, சீக்கிரம்!"

"கயிறுக்கு நான் எங்க போவேன்?"

மாஸ்டரின் கண் கொடிக்குப் போனது. அங்கே ஒரு கோடுபோட்ட பைஜாமா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதிலிருந்து நாடாவை உருவுவதற்கும் மனைவி "ஐயோ, அது அப்பாவோடது!" என்பதற்கும் சரியாக இருந்தது. என்ன செய்வது, நாடா கச்சிதமாகப் பொருந்தியது. ஒரே இழுப்பில் என்ஜின் உயிர்பெற்றது. அடுத்த கணம் பழையபடி ஏற ஆரம்பித்தது, இறங்க ஆரம்பித்தது.

மாமனார் மறுபடி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. உலர்ந்ததா என்று தன் பைஜாமாவைத் தடவிப் பார்த்து, அதன் இடுப்பு நாடா இல்லாமல் வாய் பிளந்து தொங்குவதைக் கண்டார். பிறகு நாடா எங்கே இருக்கிறது என்றும் கண்டார்.

"மாப்பிள்ளை."

"மாமா."

"அது என்னுது."

"சாயங்காலம் புதுசே வாங்கித் தந்துடறேன் மாமா. ஆனா இதைக் கேளுங்களேன், நீங்க வந்ததும் எவ்வளவு அருமையா ஓடுது!" மாஸ்டர் கைகூப்பினார். "ஒரு உதவி பண்ணணும். சாயங்காலம் மைதானத்துக்கு வாங்க. ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா கோட்டுக்குப் பக்கத்துல நில்லுங்க, போதும்."

"என்னை என்ன திருஷ்டி பொம்மைன்னு நெனைச்சீங்களா? எனக்கு மாடியில தலைக்கு மேல வேலை கெடக்கு." நாடா இல்லாத பைஜாமாவை உருவி எடுத்துக்கொண்டு அவர் விடுவிடுவென்று மாடியேறிப் போனார்.

போகட்டும். அவர் இருந்தபோது ஓடியதே, அதுவே போதும். ஓட்டிப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று மாஸ்டர் முடிவெடுத்தார். ரிமோட்டைப் படிக்கட்டில் வைத்தார். காரைச் செங்கல்லிலிருந்து இறக்கித் தரையில் விட்டு, கடைசியாக ஒரு திருகை முடுக்கக் குனிந்தார்.

கார் பாய்ந்தது.

யாரும் ஓட்டவில்லை. அதுவாகவே ஓடியது. மாஸ்டரின் விரல்களுக்கு நடுவே நழுவி, வாளியை இடித்துக் கவிழ்த்து, தொங்கிக்கொண்டிருந்த படுக்கைவிரிப்பின் முனையைப் பற்றி இழுத்தது. கொடி அறுந்தது. விரிப்பைப் போர்த்திக்கொண்டு வெள்ளை உருவமாக முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"பிடிங்க! பிடிங்க!" மனைவி திண்டின்மேல் ஏறி நின்று கத்தினாள்.

மாஸ்டர் துரத்தினார். வாளியிலிருந்து கொட்டிய தண்ணீரில் கால் வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே படிக்கட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தார். அங்கே கிடந்த ரிமோட்டை எடுத்து பிரேக்கை அழுத்தினார். முன்னால், பின்னால், இடது, வலது, எது கைக்கு அகப்பட்டதோ எல்லாவற்றையும் அழுத்தினார். கார் கடைசியாக ஒரு பூந்தொட்டியில் முட்டி, தொட்டியை உடைத்து, மண்ணுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு அடங்கியது. மாஸ்டர் மட்டும் அழுத்துவதை நிறுத்தவில்லை.

"போதும். காயலான் கடைக்காரருக்கு போன் போடு" என்றார் ஈனக்குரலில். "ஸ்டார்ட்டிங் டிரபிளாவே இருந்துட்டுப் போறேன்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையில்லை, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

அப்போது மாமியார் மாடியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். அதிர்ந்து பேசியறியாதவர். சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை, புண்ணியமாப் போகும், அந்த ரிமோட்டைக் கீழ வைங்க. நீங்க இங்க அமுக்க அமுக்க, உங்க மாமா நமக்கெல்லாம் தெரியாம வாங்கி வெச்சிருக்கற பேட்டரி கார் மேல கட்டிலுக்கடியில போய் முட்டிக்குது. அவர் பாவம், மோட்டார்தான் கோளாறுன்னு காலையிலேருந்து கழட்டிக் கழட்டி மாட்டி, தன் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கிட்டிருக்கார்!"